நண்பரோடு பைக் ரேலிக்குக் கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

நவம்பர் நெருங்கினால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பைக் பிரியர்கள் கூடும் பேக்கரிகளில் கோவாப் பேச்சுதான் ஓடும். ராயல் என்ஃபீல்டு பைக் நிறுவனம் நடத்தும் மோட்டோவெர்ஸ் என்ற பைக் ரேலி அங்கே வாகத்தோரில் நடக்கிறது. 2023-க்கு முன்பு அதற்கு ரைடர் மேனியா என்று பெயர். கோவையிலிருந்து சத்தி, சாமராஜநகர், மைசூரு, ஹுப்ளி வழியாகப் போனால் ஏறத்தாழ 800 கிலோமீட்டர். கூட்டமாகப் போகிறவர்களுக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் விதிமுறைகள் என்று ஏதோ ஓர் ஒழுங்கு இருக்கும். இரண்டே நண்பர்கள் கிளம்பும்போதுதான் எதையும் பேசி முடிவு செய்வதில்லை. "நமக்குள்ள என்ன மாப்ள, பாத்துக்கலாம்" என்பதோடு சரி. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரண்டு வண்டி சேர்ந்து போனால் வேகம், தூரம், ஓய்வு எல்லாவற்றையும் இருவரில் மெதுவாக ஓட்டுகிறவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கீழே சொல்லப்போகிற பல தவறுகள் இதை மறப்பதால் வருகிறவை.

முதல் தவறு, ரேலி தொடங்கும் நேரத்தை வைத்துப் பயணத்தைக் கணக்குப் போடுவது. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி என்றால் வியாழன் வேலை முடித்து, ராத்திரியே கிளம்பி, விடிய விடிய ஓட்டிப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பகல் முழுக்க வேலை பார்த்த உடம்பு அது. ஒருவர் தாங்கினாலும் மற்றவர் தாங்க மாட்டார். தாங்காதவர் அதை வெளியே சொல்லவும் மாட்டார். போகும் வழியைக் குறைந்தது இரண்டு பகலாகப் பிரியுங்கள். சித்ரதுர்கா, தாவணகெரே பக்கம் ஓர் இரவு தங்கினால் ஒரு நாளைக்கு 400 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். முதல் நாள் நிகழ்ச்சியில் பாதி போனால் போகட்டும்.

இரவுப் பயணத்தைத் தவிர்க்க இன்னொரு காரணம் நம் ஊர் வழிகளே. பண்ணாரி தாண்டினால் சத்தியமங்கலம் புலிகள் காப்பகம். திம்பம் மலைப்பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. ஊட்டி, கூடலூர் வழி போகலாம் என்றால் பந்திப்பூரில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை சாலையை மூடிவிடுவார்கள், 2009-லிருந்தே அப்படித்தான். நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேறு. சேலம், பெங்களூரு என்று சுற்றி மைசூருக்குப் போகிறவர்கள் பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முக்கியப் பாதையில் ஏறிவிடக் கூடாது. 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே டூவீலருக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோடுதான். கூகுள் மேப்பை மட்டும் நம்பிக் கிளம்புகிறவர்கள் இதையெல்லாம் செக்போஸ்ட்டில் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

திம்பம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 27 கொண்டை ஊசி வளைவுகள். கரும்பு லாரியும் சரக்கு லாரியும் வளைவில் திரும்ப மொத்தச் சாலையும் தேவைப்படும். லாரி வெளிப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து, உள்பக்கம் இடம் இருக்கிறது என்று பைக்கை நுழைப்பது உயிருக்கே ஆபத்து. அந்த லாரி அடுத்த நொடி அதே உள்பக்கத்துக்குத்தான் வரும். பின்னாலேயே நின்று, அது திரும்பி முடித்த பிறகு போனால் போதும். மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. இறங்கும்போது பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். வளைவுகளில் சிந்திக் கிடக்கும் டீசல் நவம்பர் மழையில் இன்னும் வழுக்கும்.

திம்பம் ஏறி ஆசனூர் தாண்டிக் காரப்பள்ளம் பக்கம் போனால் திடீரென்று லாரிகள் வரிசையாக நிற்கும். ஹார்ன் சத்தமே இருக்காது. பைக்காரர்களுக்கு வரிசையைக் கண்டாலே ஓரமாகப் புகுந்து முன்னால் போகத்தான் கை வரும். அங்கே அதைச் செய்யவே செய்யாதீர்கள். வரிசையின் தலையில் யானை நிற்கும், சில நேரம் குட்டியோடு நிற்கும். கரும்பு லாரியிலிருந்து கட்டை உருவித் தின்னப் பழகிய யானைகள் அவை. கடைசி லாரிக்குப் பின்னாலேயே, கிட்டத்தில் இல்லாமல் தள்ளி நின்று, திரும்பிப் போக இடம் வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்க இறங்க வேண்டாம். பண்ணாரியில் டீக்கடைக்காரப் பெரியவர் "இந்நேரத்துக்கு மேல ஏறாதீங்க கண்ணு" என்று சொன்னால் அவர் பேச்சைக் கேட்டுவிடுங்கள்.

கர்நாடகத்துக்குள் இறங்கியதும் வேறு மாதிரி ஆபத்து ஒன்று காத்திருக்கும். அறுவடைக் காலத்தில் ராகி, கொள்ளுத் தாளைத் தார்ச்சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வண்டிகள் ஏறி ஏறித் தானியம் உதிர்ந்துவிடும். காருக்கு அது ஒன்றுமில்லை. பைக்குக்கு அது மணல்மேல் ஓட்டுவது மாதிரி. முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் நழுவும். தாள் பின்சக்கர அச்சிலும் செயினிலும் சுற்றிக்கொள்ளும். தூரத்தில் சாலை பழுப்பாகத் தெரிந்தால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, அதன்மேல் போகும்போது பிரேக்கும் பிடிக்காமல் திருப்பாமல் நேராகப் போங்கள். தாண்டியதும் நின்று, இன்ஜினை அணைத்து, சக்கரத்தில் சுற்றியிருப்பதைப் பிய்த்துப் போடுங்கள். முன்னால் போகிறவர் பின்னால் வருகிறவருக்குக் கையைத் தாழ்த்திக் காட்டுவது இந்த மாதிரி இடத்துக்குத்தான்.

அடுத்தது, இருவரும் சேர்ந்து ஓட்டும் விதம். பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டே போவது நம் ஊர் வழக்கம். பல்லடம் ரோட்டில் அப்படிப் போய்ப் பழகியவர்கள் ஹைவேயிலும் அதையே செய்கிறார்கள். குழி வந்தால் ஒதுங்க இருவருக்கும் இடம் இருக்காது. நேர்ச்சாலையில் ஒருவர் லேனின் வலப்பாதியிலும் மற்றவர் பின்னால் இடப்பாதியிலும் போகலாம். மலையிலும் ஊருக்குள்ளும் ஒருவர் பின் ஒருவராக. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துவிடுவோம். அதனால் இரண்டு நொடி இடைவெளியாவது விடுங்கள். அனுபவம் குறைந்தவர், அல்லது சின்ன வண்டிக்காரர், முன்னால் போகட்டும். வேகம் தானாகவே சரியாகிவிடும். பெரிய வண்டி முன்னால் போனால் பின்னால் வருகிறவர் எட்டிப் பிடிக்கிற அவசரத்திலேயே ஓட்டுவார். முன்னால் போகிறவர் ஓவர்டேக் செய்தால், அந்த இடைவெளி அவருக்கு மட்டும்தான். அதே மூச்சில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகிறவர்தான் எதிரே வரும் பஸ்ஸுக்கு நேராக நிற்பார்.

பிரிந்துவிட்டால் எங்கே சேர்வது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னவர் நின்று, பின்னவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்ப வேண்டும். காட்டுக்குள் போன் சிக்னல் கைகொடுக்கும் என்று எண்ண வேண்டாம். பெட்ரோல் கணக்கும் சின்ன டேங்குக்குத்தான். ராயல் என்ஃபீல்டு வண்டிகளில் ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர் பிடிக்கும், கிளாசிக் 350-க்கு 13 லிட்டர். கிளாசிக் எப்போது நிரப்பினாலும் ஹிமாலயனும் கூடவே நிரப்பிக்கொள்ளட்டும். ஒரே பங்க், ஒரே நிறுத்தம்.

வண்டி விஷயத்தில் பெரிய தவறு, கிளம்புவதற்கு முந்தின நாள் சர்வீஸ் விடுவது. மெக்கானிக் கழற்றி மாட்டிய ஏதாவது ஒன்று சரியாக முறுக்கப்படாமல் இருந்தால் அது வழியில்தான் தெரியும். பத்து நாள் முன்பே விட்டு, வெள்ளியங்கிரி அடிவாரத்துக்கோ வால்பாறைக்கோ ஒருமுறை போய்வந்து பாருங்கள். செயினுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை லூப் (மசகு எண்ணெய்) அடியுங்கள். காற்றை, வண்டி ஓடும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது, சுமைக்கு ஏற்றபடி வையுங்கள். அளவு வண்டியிலேயே ஸ்டிக்கரில் இருக்கும். டியூப் டயர் என்றால் உதிரி டியூப் ஒன்று, கூடவே கிளட்ச் கேபிள் ஒன்று. பையைக் கட்டும்போது தொங்கும் வாரை அப்படியே விடாதீர்கள். அது பின்சக்கரத்தில் சிக்கினால் சக்கரம் அப்படியே நின்றுவிடும். ரெயின் கோட் பையில் மேலாக இருக்கட்டும். மழை பிடித்த பிறகு அடியிலிருந்து தேடுவதற்குள் ஜீன்ஸ் நனைந்துவிடும், அப்புறம் நாள் முழுக்க உரசும்.

சாப்பாட்டிலும் ஒரு வார்த்தை. மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே ஹைவே ஏறினால் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் கண் சொக்கும். கொஞ்சமாகச் சாப்பிட்டு, தண்ணீரை மட்டும் அடிக்கடி குடியுங்கள். ஹெல்மெட்டுக்குள் தூக்கம் வந்தால் பாட்டுப் போட்டோ வேகம் கூட்டியோ சமாளிக்காமல் நிறுத்தித் தூங்குங்கள். இதை நண்பரிடம் சொல்ல வெட்கப்படவே கூடாது. காசு விஷயத்துக்குப் பொதுவாக ஒரு தொகை போட்டு ஒருவர் கையில் வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

ரேலி நடக்கும் இடத்தில் ராத்திரி குடித்துவிட்டு "ரூம் பக்கத்துலதான" என்று வண்டியை எடுப்பது, மேலே சொன்ன எல்லாவற்றையும் விட மோசம். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் சட்டப்படி குற்றம், முதல்முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறையும் உண்டு. கூட இருக்கிற நண்பர்தான் சாவியை வாங்கி வைக்க வேண்டும்.

திரும்பி வருவதற்கு யாருமே திட்டம் போடுவதில்லை. ஞாயிறு மதியம் கிளம்பி திங்கள் காலை வேலைக்குப் போக வேண்டும் என்று வருகிறவர்கள், மூன்று நாள் தூக்கமில்லாத உடம்போடு 800 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள். திங்கள், செவ்வாய் லீவு போட்டுவிட்டே போங்கள். சாமராஜநகர் வரும்போது பொழுது சாய்ந்திருந்தால் அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் காலை திம்பம் இறங்கலாம். வீட்டுக்கு வந்ததும் கடற்கரை உப்புக் காற்று பட்ட வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, செயினைத் துடைத்து லூப் அடித்துவிட்டு நிறுத்துங்கள். ஒரு வாரம் அப்படியே விட்டால் போல்ட்டெல்லாம் துரு ஏறிவிடும்.