டிஎச்டி22: செக்சம் பிழை போன விதம்

சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் துணி காயும் இடத்து ஈரப்பதம் பார்க்க, ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் டிஎச்டி22 என்ற வெப்ப, ஈரப்பத சென்சாரை மாட்டினேன். அடிக்கடி செக்சம் பிழை, அதாவது வந்த தரவு சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகவில்லை. நான்கு கால் உள்ள வெறும் சென்சாருக்குப் புல்-அப் ரெசிஸ்டரை (டேட்டா கம்பியை மேல் மின்னழுத்தத்தில் பிடித்து வைக்கும் மின்தடையை) நாம்தான் போட வேண்டும்: டேட்டா காலுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 10 கிலோஓம். 5 வோல்ட்டில் கட்டினால் ராஸ்பெரி பையின் இணைப்புக் கால் (pin) கெட்டுவிடலாம்.

பாதிப் பிழை போனது. மீதிக்குக் காரணம் என் நிரல். நொடிக்கொரு தடவை கேட்டது. 2 நொடி இடைவெளி வேண்டும். அப்படியும் ஒன்றிரண்டு வரும்: சென்சார் அனுப்பும் துடிப்பு சுமார் 26 மைக்ரோநொடி நீடித்தால் 0, சுமார் 70 என்றால் 1; அதை அளக்கும்போது ராஸ்பெரி பையின் இயங்குதளமான லினக்ஸ் நடுவே வேறு வேலைக்குப் போனால் கணக்குத் தப்பும். மறுபடி படிக்க வேண்டியதுதான்.

பிறகும் 34 டிகிரி, 58 சதவீதம் என்றது. கொட்டும் மழையில் அதெப்படி? ராஸ்பெரி பை பலகையின் சூடு! சென்சாரை 30 சென்டிமீட்டர் ஒயரில் தள்ளி வைத்ததும் 28 டிகிரி, 82 சதவீதம்.