புதுச் சம்பலைக் கடைக்குக் கொண்டுபோவது எப்படி? திருகோணமலைச் சிறு உற்பத்தியாளருக்கு

நெத்தலிக் கருவாட்டுச் சம்பலைப் போத்தலில் அடைத்து விற்க ஒரு சிறு கொம்பனி முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் முதலில் ஓடுவது லேபல் அடிக்கத்தான். செய்முறை உறுதியாகுமுன் 5000 லேபல் கைக்கு வந்துவிட்டால், பிறகு எண்ணெயை மாற்றவோ உப்பைக் குறைக்கவோ மனம் வராது. லேபலுக்காகவே பிழையான சம்பல் சந்தைக்குப் போகும்.

பொருளைக் கவிழ்க்கக்கூடிய பெரிய சந்தேகம் எதுவோ, அதை முதலில் சோதியுங்கள். சம்பலைப் பொறுத்தவரை அது ருசியல்ல, பூஞ்சணம். 2 கிலோ மட்டும் கிண்டி, ஒரு போத்தலை உணவு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி ‘நீர்ச் செயற்பாடு’ அளக்கச் சொல்லுங்கள். நுண்ணுயிருக்குக் கைக்கெட்டும் ஈரத்தைக் காட்டும் எண் அது. 0.85க்கு மேல் போனால் நோய்க்கிருமிகள் வளர இடமுண்டு. அதற்குக் கீழும் சில பூஞ்சணங்கள் வளரும், 0.60க்குக் கீழ்தான் எதுவும் வளராது.

கருவாட்டையும் கவனியுங்கள். கோடையில் சோளகக் காற்றில் காய்ந்த நெத்தலியும் மார்கழி மழையில் அரைகுறையாகக் காய்ந்த நெத்தலியும் ஒன்றல்ல. ஆவணியில் செய்து பார்த்து “சரி” என்றவர்களுக்கு மாரியில்தான் போத்தல் திரும்பி வரும். சோதனையை ஈரமான சரக்கில் செய்யுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். “ஒரு கைப்பிடி செத்தல் மிளகாய்” என்று எழுதாமல் கிராமில் எழுதுங்கள். கிண்டி இறக்கும் நேரத்தை விட இறக்கும்போது இருக்கும் எடையே முக்கியம். 2 கிலோ கலவை 1.4 கிலோவாக வற்றியபோது நன்றாக வந்ததென்றால், 20 கிலோ கிண்டும்போதும் 14 கிலோவில்தான் இறக்க வேண்டும். பெரிய தாச்சியில் கனத்தோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு குறைவு. நீராவி மெதுவாகப் போகும். சின்னத் தாச்சியின் நேரத்தையே பார்த்து இறக்கினால் வெங்காயத்தில் தண்ணீர் நின்றுவிடும். வற்றிய சம்பலைச் சூட்டோடு மூடினாலும் மூடியில் வியர்த்து, சொட்டு விழுந்த இடத்தில் முதற்புள்ளி தோன்றும்.

மிக நீண்ட காத்திருப்பு இருப்புக்காலச் சோதனைதான். அதனால் அதை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். 30 போத்தலில் பாதியைச் சாதாரண அலுமாரியிலும் பாதியை 10 பாகை கூடுதல் சூட்டிலும் வைத்து, வாரம் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பது அந்தச் சூட்டில் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகத் தெரியும். பூஞ்சணத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. கூடிய சூடு அதை அடக்கியும் விடலாம்.

எண்ணெயை மாற்றினால் ருசி மாறியதா என்று அறிய, மூன்று கிண்ணங்களில் இரண்டில் ஒரே சம்பலையும் ஒன்றில் மற்றதையும் வைத்து, வேறானதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 24 பேரில் 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்டு என்று நம்பலாம். சொந்தக்காரரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாயிருக்கு” என்றுதான் வரும். விருப்பத்தை அறிய 20 போத்தலைக் காசுக்கு விற்றுப் பாருங்கள். இரண்டாம் முறை கேட்டு வருபவரே கணக்கு.

ஒரே நேரத்தில் ஆறு பொருளைத் தொடங்கி, வருடத்துக்கு இரண்டுதான் முடிகிறது என்றால், ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 3 வருடம் போகும். இரண்டை மட்டும் கையில் வைத்தால் 1 வருடம். ஆட்களும் அடுப்பும் அதேதான்.

தொடர்ந்து மூன்று தாச்சி ஒரே எடையிலும் ஒரே நீர்ச் செயற்பாட்டிலும் வந்த பிறகு லேபலுக்குப் போகலாம். முதலில் 500 போதும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் போடுங்கள். மீன் இருப்பதையும் தொகுதி இலக்கத்தையும் மறக்காதீர்கள். இலக்கம் இல்லாவிட்டால் ஒரு தாச்சி பழுதானதற்கு முழுச் சரக்கையும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க வேண்டிவரும்.