பல கைகள் தொடும் வீட்டுக் கணினி: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு பாதுகாப்பு வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டுக் கணினி ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருப்பது அரிது. கல்லூரிக்குச் செல்லும் மகள் அதில் பிராஜெக்ட் அறிக்கை தயாரிப்பார். ரப்பர் வியாபாரம் செய்யும் தந்தை ஜிஎஸ்டி கணக்கைப் பார்ப்பார். தாய் சுய உதவிக் குழுவின் வரவு செலவை எழுதி வைப்பார். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் விளையாட்டுகளைப் பதிவிறக்குவார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் மகனின் பாஸ்போர்ட் நகலும், மருமகளின் நர்சிங் சான்றிதழ்களும், நிலப் பத்திரத்தின் ஸ்கேனும் அதே கணினியில்தான் கிடக்கும். அந்தக் கணினி அவ்வப்போது பழுதுபார்க்கும் கடைக்குப் போய் வருகிறது. அதன் கோப்புகள் பென்டிரைவில் ஏறி ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருகின்றன. ஆகவே எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், இந்தக் கணினியை யார் யார் தொடுகிறார்கள், அவர்களில் யாருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று கணக்கெடுப்பதே சரியான தொடக்கம் என்று கருதுகிறேன். கீழே சொல்லப்படுபவை விண்டோஸ் கணினிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

யாருக்கு எவ்வளவு அதிகாரம்

விண்டோஸில் பயனர் கணக்குகள் இரண்டு வகைப்படும். 'அட்மினிஸ்ட்ரேட்டர்' எனப்படும் நிர்வாகி கணக்கில் இருப்பவர் எந்த மென்பொருளையும் நிறுவலாம், பாதுகாப்பு அமைப்புகளை மாற்றலாம். 'ஸ்டாண்டர்டு' கணக்கில் இருப்பவர் அன்றாட வேலைகள் அனைத்தையும் செய்யலாம். ஆனால் கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றம் எதையும் நிர்வாகியின் கடவுச்சொல் இல்லாமல் செய்ய இயலாது. புதிய கணினியில் முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகி கணக்காகவே அமைகிறது. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரே கணக்கைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். இதை முதலில் மாற்ற வேண்டும். 'செட்டிங்ஸ்' பகுதியில் 'அக்கவுண்ட்ஸ்' என்பதற்குள் சென்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு கணக்கை உருவாக்குங்கள். நிர்வாகி கணக்கின் கடவுச்சொல், வீட்டில் பொறுப்பான ஒருவரிடமோ இருவரிடமோ மட்டும் இருக்கட்டும். அவர்களும் தங்கள் அன்றாட வேலையை ஸ்டாண்டர்டு கணக்கிலேயே செய்வது நல்லது.

இதனால் வரும் பயன் பெரியது. பிள்ளை பதிவிறக்கிய விளையாட்டில் வைரஸ் போன்ற தீநிரல் ஒன்று ஒளிந்திருந்தாலும், அது கணினியின் அடிநிலைக்குள் புகுவதற்கு முன் கடவுச்சொல்லைக் கேட்டு நின்றுவிட வாய்ப்பு உண்டு. ஆனால் இதை முழுப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது: அந்தக் கணக்குக்குரிய கோப்புகளை அழிக்கவும், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடவும் தீநிரலுக்கு நிர்வாகி அதிகாரம் தேவையில்லை. கணினியை விட்டு எழுந்து செல்லும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டும் பழக்கத்தையும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தொலைவிலிருந்து தொடும் கைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் மகன், பெற்றோருக்கு உதவுவதற்காக எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற மென்பொருளை நிறுவி, யாரும் அனுமதி தராமலே உள்ளே வரும்படி நிலையான கடவுச்சொல் ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். அந்தக் கடவுச்சொல் வேறொருவர் கையில் சிக்கினால், உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் கணினியை இயக்கலாம். அந்த மென்பொருளை நீக்கிவிட்டு, விண்டோஸிலேயே கிடைக்கும் 'குவிக் அசிஸ்ட்' வசதியைப் பயன்படுத்துங்கள். அதில் ஒவ்வொரு முறையும் புதிய குறியீடு தேவைப்படும். அது சில நிமிடங்களில் காலாவதியாகும். வீட்டில் இருப்பவர் சம்மதித்தால்தான் திரை மறுமுனைக்குத் தெரியும். நீங்கள் அழைக்காமலே தொலைபேசியில் வந்து, வங்கியிலிருந்தோ மைக்ரோசாஃப்ட்டிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி இத்தகைய மென்பொருளை நிறுவச் சொல்பவர் எவராயினும், அழைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.

பழுதுபார்க்கும் கடைக்குக் கொடுக்கும் முன்னும் பின்னும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என எந்த ஊரிலும் திறமையான கணினிப் பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நம்புவது வேறு, கணினியில் உள்ள எல்லாவற்றையும் திறந்து வைத்துக் கொடுப்பது வேறு. கடைக்குக் கொண்டு செல்லும் முன் முக்கியக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். பிரவுசரில் இருந்தும் மின்னஞ்சலில் இருந்தும் வெளியேறுங்கள். சேமித்த கடவுச்சொற்களை நீக்குங்கள். திரையையோ கீபோர்டையோ மாற்றும் வேலைக்கு உங்கள் கடவுச்சொல் பெரும்பாலும் தேவைப்படாது. தேவைப்படும் வேலையாக இருந்தால் தற்காலிகக் கணக்கு ஒன்றை உருவாக்கிக் கொடுத்து, கணினி திரும்பியதும் அதை நீக்கிவிடலாம்.

விண்டோஸை மறுபடியும் நிறுவும் வேலையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். விண்டோஸுடன் வாங்கிய மடிக்கணினிகளில் அதற்குரிய உரிமம் கணினியின் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். வாங்கும்போது இருந்த அதே பதிப்பை, பெரும்பாலும் 'ஹோம்' பதிப்பை, மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்து இலவசமாகப் பதிவிறக்கி நிறுவினால், இணையத்துடன் இணைந்ததும் அது தானாகவே செயல்படத் தொடங்கும். அப்படியிருக்க, 'புரோ' பதிப்பைப் போட்டு, 'ஆக்டிவேட்டர்' என்ற திருட்டு நிரல் கொண்டு இயங்கவைப்பது சில இடங்களில் வழக்கமாக உள்ளது. அந்த நிரலை ஓட்டுவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள், அல்லது அந்த நிரல் இருக்கும் ஃபோல்டரைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கு அளித்துவிடுவார்கள். பணம் கொடுத்து வாங்கிய உரிமம் கையில் இருக்கும்போதே ஒரு குடும்பம் திருட்டு மென்பொருளின் ஆபத்தைச் சுமக்க நேர்வது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

கணினி திரும்பி வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். முதலாவது, 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஆக்டிவேஷன்'. வீட்டுக் கணினியில் 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' விண்டோஸ் செயல்படுத்தப்பட்டுள்ளது என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி இருந்தால், அது திருட்டு முறையில் செயல்படுத்தப்பட்டதற்கான வலுவான அறிகுறி. இரண்டாவது, 'விண்டோஸ் செக்யூரிட்டி' செயலியில் 'வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்' அமைப்புகளின் அடியில் உள்ள 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியல். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் நீக்கிவிட்டு முழு ஸ்கேன் ஒன்றை ஓட்டுங்கள்.

கணினியின் வட்டைக் குறியாக்கம் செய்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் எவரும் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், அதற்குரிய 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் இந்தக் குறியாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. மீட்பு எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்படுகிறது. மதர்போர்டை மாற்றிய பின் கணினி அந்த எண்ணைக் கேட்கும். எண் இல்லையெனில் கோப்புகளை மீட்க வழியில்லை.

பென்டிரைவும் ஜெராக்ஸ் கடையும்

அரசு வேலைக்கான விண்ணப்பம், கல்லூரிச் சேர்க்கை, வெளிநாட்டு வேலைக்கான ஆவணங்கள் என எதற்காக இருந்தாலும் ஜெராக்ஸ் கடைக்கோ இ-சேவை மையத்துக்கோ பென்டிரைவுடன் செல்வது இங்கே அன்றாட நிகழ்வு. நாள்தோறும் பலருடைய பென்டிரைவுகள் செருகப்படும் கணினியில் ஒன்றிலிருந்து தொற்று ஏறினால், அடுத்து வருபவை எல்லாவற்றுக்கும் அது பரவும். மிகப் பரவலானது 'ஷார்ட்கட் வைரஸ்'. அது உங்கள் ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டுகளை உருவாக்கி வைக்கும். ஃபோல்டர் என்று எண்ணி அதைத் திறந்தால் தீநிரல் இயங்கத் தொடங்கும்.

இதற்கு எளிய வழி, கடைகளுக்கு மட்டும் என்று குறைந்த கொள்ளளவுள்ள பென்டிரைவ் ஒன்றைத் தனியாக ஒதுக்குவது. அச்சிட வேண்டிய பிடிஎஃப் கோப்பு மட்டும் அதில் இருக்கட்டும்; குடும்பப் புகைப்படங்களும் பத்திர நகல்களும் அதில் வேண்டாம். வீடு திரும்பியதும் அதில் எதையும் திறக்காமல், அதன் மேல் வலது பொத்தானை அழுத்தி 'ஃபார்மட்' செய்துவிடுங்கள். கடையிலிருந்து கோப்பைக் கொண்டுவர வேண்டியிருந்தால் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால், உங்கள் கைபேசியில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குச் சென்று அந்த இணைப்பை அங்கேயே நீக்குங்கள். கடைக் கணினியில் நகலாகத் தங்கும் ஆதார், பாஸ்போர்ட் கோப்புகளை அழித்து, 'ரீசைக்கிள் பின்'னையும் காலி செய்யச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

இணைப்பாக வரும் வேலைக் கடிதம்

வெளிநாட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள் மிகுந்த மாவட்டம் இது என்பதால், 'ஆஃபர் லெட்டர்' என்ற பெயரில் வரும் மின்னஞ்சல் இணைப்பை இங்கே பலர் ஆவலோடு திறந்துவிடுகிறார்கள். விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடுவதால், பிடிஎஃப் என்று முடிவதாகத் தோன்றும் கோப்பு உண்மையில் அதற்குப் பின்னும் 'ஈஎக்ஸ்இ' என்ற பின்னொட்டைக் கொண்ட நிரலாக இருக்கக்கூடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஒருமுறை இயக்கிவிட்டால், இந்த ஏமாற்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய 'ஜிப்' கோப்பும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் ஒரே மின்னஞ்சலில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாதபடி செய்வதற்கே பெரும்பாலும் அப்படிப் பூட்டுகிறார்கள். வேர்டு கோப்பு ஒன்று 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' தளத்தில் முதலில் பாருங்கள்; அதுவரை இணைப்பைத் திறக்காமல் காத்திருப்பதால் எந்த நட்டமும் இல்லை.

அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் இன்னொரு தந்திரத்தைக் குடும்பத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும். ஒரு இணையப் பக்கம், நீங்கள் மனிதர்தான் என்று உறுதி செய்வதற்காக விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் அழுத்தி, பிறகு 'கன்ட்ரோல்', 'வி' அழுத்தி, 'என்டர்' தட்டச் சொல்லும். அந்தப் பக்கம் நீங்கள் அறியாமலே நகலெடுத்து வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கவைக்கும் சூழ்ச்சி இது. உண்மையான சரிபார்ப்பு எதுவும் அப்படிக் கேட்பதில்லை.

புதுப்பிப்பும் ஆன்டிவைரஸும்

2017 மே 12 அன்று உலகெங்கும் பரவத் தொடங்கிய வான்னாக்ரை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீநிரல்), விண்டோஸில் இருந்த ஒரு குறையின் வழியாகப் புகுந்தது. அந்தக் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. புதுப்பிக்காத கணினிகளே சிக்கின. 'விண்டோஸ் அப்டேட்'டைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் விண்டோஸ் 11 இயங்காது. அவற்றைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் இணையம் பார்க்கவும் கடிதம் தட்டச்சு செய்யவும் நன்றாகப் பயன்படும். ஆதரவு முடிந்த விண்டோஸில் வங்கி வேலை செய்வதை மட்டும் நிறுத்திவிடுங்கள்.

ஆன்டிவைரஸைப் பொறுத்தவரை, விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். மடிக்கணினியுடன் சோதனைக்காக வந்து காலம் முடிந்துபோன ஆன்டிவைரஸ் இருந்தால் அதை நீக்குங்கள். டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கும்.

கடவுச்சொல்லும் வெளிநாட்டில் இருக்கும் சிம்மும்

முதலில் காக்க வேண்டியது மின்னஞ்சல் கணக்கு. மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் வழி அதற்குள்தான் இருக்கிறது. நீளமான, வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல் ஒன்றை அதற்கு வையுங்கள். எல்லாவற்றையும் நினைவில் வைக்க இயலாது என்பதால், பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் மேலாளரைப் பயன்படுத்தலாம். அதன்பின், கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. வீட்டின் கணக்குகள் பலவற்றில் பதிவான கைபேசி எண், வெளிநாட்டுக்குப் போன மகனுடையதாக இருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அந்த எண் துண்டிக்கப்பட்டு, பின்னர் முன்பின் தெரியாத ஒருவருக்கு வழங்கப்படலாம். அப்போது ஓடிபி அவருக்குத்தான் போகும். மின்னஞ்சல், வங்கி, ஆதார் ஆகியவற்றில் எந்த எண் பதிவாகியுள்ளது என்று இந்த வாரமே பாருங்கள். இயன்ற இடங்களில் குறுஞ்செய்திக்குப் பதிலாக, கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் பயன்படுத்துங்கள். கைபேசி தொலைந்தால் கணக்குக்குள் நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சிட்டு வையுங்கள்.

வைஃபை ரூட்டரில், இணைப்புக் கொடுக்க வந்தவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லையும், ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குரிய கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள். வீட்டு உரிமையாளரின் கைபேசி எண்ணையே வைஃபை கடவுச்சொல்லாக வைத்தால் அக்கம்பக்கத்தார் எவரும் ஊகித்துவிடலாம்.

நகல்

ரான்சம்வேர் தாக்கினால் கோப்புகளைத் திரும்பப் பெறுவதற்கு உறுதியான வழி, முன்பே எடுத்து வைத்த நகல்தான். வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் மாதம் ஒருமுறையாவது நகல் எடுத்து, முடிந்ததும் கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். கணினியில் செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கையும் தீநிரல் பூட்டிவிடும். இரண்டு பருவமழைகளும் பெய்யும் இந்த மண்ணில், மின்னலிலிருந்து காப்பதற்கும் அந்தப் பழக்கம் உதவும். பத்திரம், பாஸ்போர்ட், சான்றிதழ் ஆகியவற்றின் இரண்டாவது நகல் இணையச் சேமிப்பில் இருக்கட்டும்; கூகுள் டிரைவில் 15 ஜிபி வரை கட்டணம் இல்லை. எடுத்த நகல் திறக்கிறதா என்று அவ்வப்போது ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள்.

தொற்று ஏற்பட்டால்

வைஃபையை நிறுத்துங்கள், செருகியுள்ள டிஸ்க்குகளை எடுங்கள். திரையில் தெரியும் செய்தியைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்படாத வேறொரு கணினியிலிருந்தோ கைபேசியிலிருந்தோ மின்னஞ்சல், வங்கி கடவுச்சொற்களை மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். நீங்கள் உள்நுழைந்திருப்பதை நினைவில் வைக்கும் பிரவுசர் குக்கீகள் திருடப்பட்டால், அவை கடவுச்சொல் இல்லாமலே உள்ளே விடக்கூடும் என்பதால் இது முக்கியம். புகார் கொடுக்க வேண்டியிருந்தால் அதை முடித்த பிறகு, 'விண்டோஸ் செக்யூரிட்டி'யில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். ஐயம் தீரவில்லையென்றால் விண்டோஸை முழுவதும் அழித்து, மீண்டும் நிறுவுவதே மேல்.

ரான்சம்வேர் என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்ற உறுதி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துக் காவல்துறையும் பிறரும் சேர்ந்து 2016-இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில், சில வகைகளுக்கான பூட்டுத் திறக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வங்கியிலிருந்து பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்து, புகார் எண்ணையும் எடுத்த படங்களையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். புகார் கொடுத்து முடிக்கும்வரை கணினியிலிருந்து எதையும் அழிக்க வேண்டாம்.