வளைகுடா வேலைக்கு முதல் படி: பாஸ்போர்ட்டில் அந்த ஒரு வரி

வேலை விசாவை நாமாகப் போய் எடுக்க முடியாது. துபாயோ சவுதியோ, அங்கிருக்கும் கம்பெனிதான் நம் பேரில் எடுக்கணும். நம் கையில் இருப்பது பாஸ்போர்ட். நீலகிரிக்காரர்களுக்கு அது கோவை அலுவலகத்திலிருந்து வரும்.

வந்ததும் எல்லாப் பக்கத்தையும் புரட்டுங்கள். 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்' என்று இருந்தால் அதுதான் ஈசிஆர் பாஸ்போர்ட். பத்தாவது தேறாதவர்களுக்கு இப்படி வரும். எஸ்டேட் லைன் வீடுகளில் எட்டு, ஒன்பதோடு படிப்பை நிறுத்தியவர்கள் நிறைய. அவர்கள் வளைகுடாவின் ஆறு நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி வேண்டும். சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

பத்தாவது தேறியும் விண்ணப்பத்தில் வெறும் டிசியை மட்டும் கொடுத்தால் ஈசிஆர்தான் விழும். மார்க் ஷீட்டை வைத்து, ஈசிஆர் நீக்கம் என்ற காரணத்தோடு மறுவெளியீட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் விசா அடிப்பதற்கு முன்பே! புதிய பாஸ்போர்ட்டுக்கு எண் மாறிவிடும்; விசா பழைய எண்ணில் நின்றுவிடும். 50 வயது தாண்டியவர்கள், வருமான வரி கட்டுபவர்கள், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஆகியோரும் ஆதாரம் காட்டி நீக்கலாம்.

அதே விண்ணப்பத்தில் பெயரையும் சரிசெய்யுங்கள். இனிஷியலை விரித்து அப்பா பெயரை சர்நேம் கட்டத்தில் போடுங்கள். சர்நேம் காலியான ஒற்றைப் பெயரால் அமீரகத்தில் சிக்கல் வரும்.

அடுத்தது ஏஜென்ட். கேரள எல்லையிலுள்ள நாடுகாணி தாண்டி வருபவரானாலும் ஊட்டி சேரிங் கிராஸில் போர்டு மாட்டியவரானாலும், வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவு எண்ணைத் தேடி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். போனில் அந்தத் தளம் படுத்தும்; பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரே மேல். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும், மொத்தம் 35,400. பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாக அனுப்பி ரசீது வாங்குங்கள்.

குடியேற்ற அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் ஏஜென்ட்டின் வேலைதான். வந்ததும் நகல் வாங்கி, சம்பளம், கம்பெனி பெயர், பாஸ்போர்ட் எண் மூன்றும் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். கூடவே பிரவாசி பாரதிய பீமா காப்பீடு: இரண்டு வருடத்துக்கு 275 ரூபாயும் வரியும். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக உடல் ஊனமுற்றாலோ 10 லட்சம் கிடைக்கும்.

"விசிட் விசாவில் போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சுற்றிப் பார்க்கப் போவதற்கு அனுமதி தேவையில்லை என்பதால்தான் அந்த வழியைக் காட்டுகிறார்கள். அங்கே வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் குற்றம். சம்பளம் நின்றால் புகார் கொடுக்கவே பயப்பட வேண்டிவரும்.

பின்சேர்க்கை: பெண்கள் விஷயத்தைப் பலர் கேட்டிருந்தீர்கள். ஈசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் 30 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு அந்த 18 நாடுகளுக்கு அனுமதி கிடைக்காது. 30 தாண்டியவர்கள் தனியார் ஏஜென்ட்டை விட்டுவிட்டு, சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள்.