கடல் தாண்டும் நாய்க்கு முதலில் சிப், பிறகு ஊசி

பாளையங்கோட்டையில் வளர்ந்த கன்னி என்ற நாட்டு இனத்தைச் சேர்ந்த எங்கள் நாயை இங்கிலாந்தில் இருக்கும் மகளிடம் சேர்த்தபோது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். பிரிட்டனுக்கு விமானத்தில் நாயைச் சரக்காகத்தான் அனுப்ப முடியும். அதற்கு மனம் ஒப்பவில்லை. பாரிஸ் வரை உடன் கொண்டுபோய், அங்கிருந்து மகளின் கேரவன் வண்டியில் பிரான்சின் கலே துறைமுகம் வழியாகக் கடல் கடந்தோம்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும், அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு), அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி. சிப்புக்கு முன் போட்ட ஊசி கணக்கில் வராது; எங்கள் பிள்ளைக்கு மறுபடியும் குத்த வேண்டியதாயிற்று, பாவம். ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருப்பு. ஐப்பசி பிறக்கும்போது ஊசி போட்டாலும் மாசிக்கு முன் கிளம்ப முடியாது. ஊரைவிட்டுக் கிளம்புமுன் சுகாதாரச் சான்றிதழ் கடைசி வேலை.

எல்லாத் தாளிலும் சிப்பின் 15 இலக்கங்களை விரல் வைத்து ஒப்பிடுங்கள். கலேயில் சிப்பைப் படிக்கும் கருவியை எங்கள் கையிலேயே கொடுத்து, நாயின் கழுத்தில் வருடச் சொன்னார்கள். எண் திரையில் வரும்வரை மூச்சே விடவில்லை.

பலர் தவறவிடுவது நாடாப்புழு மருந்து. பிரிட்டனில் நுழைவதற்கு 24 மணி நேரத்துக்குக் குறையாமலும் 120 மணி நேரத்துக்கு மிகாமலும் முன்பாகக் கால்நடை மருத்துவரே அதைக் கொடுத்து, தேதியும் நேரமும் எழுதித் தர வேண்டும். நாங்கள் பிரான்சிலேயே கொடுத்துவிட்டு, இரண்டு நாள் தங்கிப் புறப்பட்டோம்.

கப்பலில் பெரும்பாலும் நாய் வண்டிக்குள்ளேயே தனியாக இருக்க வேண்டியிருக்கும். உங்கள் பழைய வேட்டி ஒன்றை அதன் படுக்கையில் விரித்துவிடுங்கள்.