பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு வேதபாடம் நடத்துவது எப்படி?

நம் சபைப் பிள்ளைகள் வேதாகம வினாடி வினாவில் கெட்டிக்காரர்கள். நோவாவின் பேழைக்கு நீளம் எத்தனை முழம் என்று கேட்டு முடிப்பதற்குள் "முந்நூறு" என்று பதில் வந்துவிடும். "கதவு அடைபட்ட பிறகு உள்ளே இருந்த நோவா என்ன நினைத்திருப்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே கூரையைப் பார்க்கும்.

ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு முதன்முறையாக வேதபாடம் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கதை சொல்லி, நீதி சொல்லி, மனப்பாட வசனத்தை ஒப்பிக்கச் செய்து அனுப்புவது சின்னப் பிள்ளைகளுக்குப் போதும். இந்த வயதினருக்குப் போதாது. பன்னிரண்டு வயது இயேசு தேவாலயத்தில் போதகர்களின் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டார், அவர்களிடம் கேள்விகளும் கேட்டார் என்கிறார் லூக்கா (2:46). ஓய்வுநாள் பள்ளியில் நாம் பெரும்பாலும் அந்த வசனத்தின் முதல் பாதிக்கு மட்டுமே இடம் கொடுக்கிறோம்.

படி 1: இடம், ஆள், அனுமதி

ஆயரிடம் பேசி, நான்கு வாரங்களுக்கு ஒரே அறையையும் ஒரே நேரத்தையும் உறுதி செய்துகொள்ளுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு பிள்ளைகள் வரை ஒரு குழுவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பெஞ்சு வரிசை வேண்டாம், பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். நீங்களும் வட்டத்தில்தான்.

பெரியவர்கள் எப்போதும் இருவர் இருக்க வேண்டும். கதவு திறந்திருக்கட்டும். எந்தப் பிள்ளையோடும் தனியறையில் பேசுவதோ, பெற்றோருக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதோ கூடாது. "எல்லாரும் நம் சபைக்காரர்கள்தானே" என்று யாராவது சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 2: சிறிய புத்தகம் ஒன்று

வாரத்துக்கு ஒரு கதை என்று தாவாமல், ஒரு சிறிய புத்தகத்தை முழுதாக எடுங்கள். என் பரிந்துரை யோனா: நினிவே நகருக்குப் போகச் சொன்ன கர்த்தரை விட்டுக் கப்பலேறி ஓடி, மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த தீர்க்கதரிசியின் கதை. நான்கு அதிகாரங்கள், 48 வசனங்கள், நான்கு ஞாயிறுகள். பிள்ளைகளுக்கு இந்தக் கதை ஏற்கெனவே தெரியும் என்பதுதான் இதில் வசதி. தெரிந்த கதை என்று நினைத்து உட்காருவார்கள். வாசிக்க வாசிக்க, தெரியாத கதை ஒன்று வெளியே வரும்.

வகுப்புக்கு முன் நீங்கள் முழுப் புத்தகத்தையும் ஒரே அமர்வில், குறைந்தது மூன்று முறை வாசித்துவிடுங்கள். ஒரு முறை வாசிக்கக் கால் மணி நேரம்கூட ஆகாது. விளக்கவுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்களுக்கே எங்கே இடறுகிறது என்று பென்சிலால் குறித்து வையுங்கள். உங்களுக்கு இடறும் இடத்தில்தான் அவர்களுக்கும் கேள்வி பிறக்கும்.

பின்னணி கொஞ்சம் தேவை. நினிவே, அசீரியப் பேரரசின் பெருநகரம். இன்றைய ஈராக்கின் மோசூல் நகரில், டைகிரிஸ் ஆற்றின் கிழக்குக் கரையில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. இஸ்ரவேலின் வட ராஜ்யத்தை கி.மு. 722ஆம் ஆண்டுவாக்கில் வீழ்த்தியது அசீரியாதான். அதாவது யோனா அனுப்பப்பட்டது எதிரியின் ஊருக்கு. இந்த ஒரு செய்தியைச் சொல்லாவிட்டால் யோனாவின் கோபம் பிள்ளைகளுக்கு விளங்காது.

படி 3: கேள்விகளை எழுதுங்கள்

தயாரிப்பில் பாதி நேரம் இதற்கே போகட்டும். ஒரு வகுப்புக்கு ஐந்தாறு கேள்விகள் போதும்.

முதலில், வசனத்தைப் பார்த்தே பதில் சொல்லக்கூடியவை. "புயலில் கப்பற்காரர்கள் என்னென்ன செய்தார்கள்? யோனா என்ன செய்துகொண்டிருந்தார்?" கூச்சப்படும் பிள்ளையும் வாய் திறக்க இவை உதவும். அடுத்து, காரணத்தைத் தேடும் கேள்விகள். கடைசியாக, அவர்களுடைய நாளைத் தொடும் ஒன்றோ இரண்டோ. "உன்னைக் கேலி செய்து அழவைத்தவனை வகுப்பாசிரியர் மன்னித்து விட்டுவிட்டால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டால் அறை சூடாகிவிடும். ஆனால் "நீ அவனை மன்னித்துவிட்டாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்காதீர்கள். அது பாடம் அல்ல, விசாரணை.

"ஆம்", "இல்லை" என்று முடிந்துவிடும் கேள்விகளையும், "கர்த்தருக்குக் கீழ்ப்படிய வேண்டும்" என்ற பதிலுக்கே இழுத்துச் செல்லும் கேள்விகளையும் அடித்துவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் பதிலை வாசிக்காமலே சொல்வார்கள்.

நான்கு வாரங்களையும் கட்டிப்போடும் கேள்வி ஒன்று இருக்கிறது: யோனா ஏன் ஓடினார்? முதல் அதிகாரம் காரணம் சொல்வதில்லை. முதல் வாரத்தில் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உறையில் போடட்டும். "பயந்தார்" என்றுதான் பெரும்பாலான சீட்டுகளில் இருக்கும். உறையை ஒட்டி வைத்துவிடுங்கள். நான்காம் வாரம் 4:2 வாசித்ததும் பிரியுங்கள். அங்கே யோனாவே வாய் திறக்கிறார்: கர்த்தர் இரக்கமுள்ளவர், நினிவேயை மன்னித்துவிடுவார் என்று தெரிந்துதான் ஓடினாராம்! நீங்கள் ஒரு வார்த்தை விளக்க வேண்டியிருக்காது.

படி 4: நாற்பத்தைந்து நிமிடங்கள்

முதல் ஐந்து நிமிடம் பாட்டும் அரட்டையும். அடுத்த பத்து நிமிடம் வாசிப்பு. ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் பலர் பழைய மொழிபெயர்ப்பைத் தட்டுத் தடுமாறித்தான் வாசிப்பார்கள். அவர்களை எல்லார் முன்னும் நிறுத்தி வாசிக்க வைக்காதீர்கள். பாத்திரங்களாகப் பிரித்துக்கொடுத்தால் (யோனா, மாலுமி, ராஜா, கதை சொல்பவர்) சிறு பகுதிகளாகிவிடும். எளிய மொழிபெயர்ப்பு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

அதன்பின் இருபது நிமிடம் கேள்விகளுக்கு. கடைசிப் பத்து நிமிடம் கையால் செய்யும் ஏதாவது ஒன்றுக்கும் ஜெபத்துக்கும். முதல் வாரம், வேதாகமத்தின் பின்பக்க வரைபடத்தில் யோனா கப்பல் ஏறிய துறைமுகமான யோப்பாவையும் நினிவேயையும் தேடச் சொல்லலாம். போகச் சொன்னது கிழக்கே, ஏறியது மேற்கே போகும் கப்பல் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

படி 5: வட்டத்துக்குள் நீங்கள்

கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்க எளிது, செய்வது கடினம். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் ஆசிரியரே பதிலைச் சொல்லிவிடுவதால்தான் பல வகுப்புகள் பிரசங்கமாகிவிடுகின்றன. பதில் வந்தால் "சரி", "தவறு" என்று தீர்ப்பு சொல்லாமல், "எந்த வசனத்தை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேளுங்கள்.

எல்லாக் கேள்விக்கும் கை தூக்கும் ஒரு பிள்ளை நிச்சயம் இருக்கும். பெரும்பாலும் ஆயர் வீட்டுப் பிள்ளை. "இன்னும் இரண்டு பேர் சொன்னதும் உன்னிடம் வருகிறேன்" என்றால் போதும்.

"மீன் வயிற்றில் மூன்று நாள் ஒருவர் உயிரோடு இருக்க முடியுமா, அக்கா?" இது வரும். "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று அடக்கினால், அந்தப் பிள்ளை அடுத்த கேள்வியை உங்களிடம் கேட்காது. நடந்த அற்புதமாகவே இதை வாசிக்கும் விசுவாசிகள் இருக்கிறார்கள், போதனைக்காக எழுதப்பட்ட கதையாக வாசிக்கும் விசுவாசிகளும் இருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். உங்கள் சபையின் நிலைப்பாட்டை ஆயரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு அதையும் சொல்லுங்கள். பிறகு, மீன் எத்தனை வசனங்களில் வருகிறது என்று எண்ணச் சொல்லுங்கள். 48இல் மூன்றே மூன்று. மீதி எதைப் பற்றியது என்ற தேடலில் பாடம் தானாக நகரும்.

எப்போதாவது ஒரு பிள்ளை, தன்னை வீட்டிலோ வெளியிலோ ஒருவர் துன்புறுத்துவதாகச் சொல்லலாம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அமைதியாகக் கேளுங்கள், துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அன்றே சபைப் பொறுப்பாளரிடம் சொல்லி குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள். பாலியல் கொடுமை என்றால் காவல் துறைக்குத் தெரிவிப்பது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். சபையின் பெயர் கெடும் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

படி 6: கடைசி வாரம்

யோனா புத்தகம் கர்த்தரின் கேள்வியோடு நின்றுவிடுகிறது (4:11). யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. பன்னிரண்டாம் வசனம் ஒன்று இருந்தால் அதில் யோனா என்ன சொல்லியிருப்பார் என்று பிள்ளைகள் எழுதட்டும். சிலர் மன்னிப்புக் கேட்க வைப்பார்கள், சிலர் இன்னும் முறைத்துக்கொண்டு உட்கார வைப்பார்கள். திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். விரும்புகிறவர் மட்டும் வாசித்துக் காட்டட்டும்.

வகுப்பு முடிந்ததும், எந்தக் கேள்வியில் பேச்சு பற்றிக்கொண்டது, எது எடுபடாமல் போனது என்று நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். அடுத்து ரூத் புத்தகத்தை எடுக்கலாம். அதுவும் நான்கு அதிகாரங்கள்தான், ஆனால் 85 வசனங்கள். வாசிப்புக்கு இன்னும் ஐந்து நிமிடம் ஒதுக்க வேண்டியிருக்கும்.