பிளானில் 90 செ.மீ., கதவைத் திறந்தால் எவ்வளவு?

சக்கர நாற்காலி, சாய்தளம் விதியெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும்தான், வீட்டுக்கு எதற்கு என்று வீடு கட்டுகிறவர்கள் நினைப்பதுதான் முதல் தவறு. இங்கிலாந்தில் 1999 முதல் புது வீடுகளுக்கும் இந்த விதி உண்டு. அமெரிக்காவின் பீமா கவுன்ட்டி என்ற மாவட்டம் 2002-இல் தனி வீடுகளுக்கும் கொண்டுவந்தது, கட்டுநர்கள் வழக்குப் போட்டும் நீதிமன்றத்தில் எடுபடவில்லை. ஊருக்கு ஊர் அளவு மாறும், அதனால் உங்கள் உள்ளாட்சி விதியைப் பிளான் போடும் முன்பே படித்துவிடுங்கள்.

அதிகம் பேர் சறுக்குவது கதவில். பிளானில் 90 செ.மீ. என்று எழுதியிருக்கும், ஆனால் அது பெரும்பாலும் சுவரில் விட்ட திறப்பின் அளவு. இரண்டு பக்க நிலைக்கட்டை 12 செ.மீ. தின்றுவிடும், திறந்து நிற்கிற கதவின் கனம் இன்னொரு மூன்று நான்கு, கடைசியில் மிஞ்சுவது 75-ஐத் தாண்டாது. விதி கேட்பது இந்த மிச்சத்தைத்தான். அமெரிக்க அளவுப்படி சுமார் 81 செ.மீ. வேண்டும். நாற்காலி அதைவிடக் குறுகல்தானே என்பார்கள். சரி, சக்கரத்தைத் தள்ளுகிற கை எங்கே இருக்கும்? சக்கரத்துக்கு வெளியே. நிலையில் உரசி விரல் முட்டியின் தோல்தான் போகும்.

அடுத்தது, "சாய்தளம் அப்புறம் போட்டுக்கலாம்." வாசலில் 15 செ.மீ. உயரத்தில் மூன்று படி என்றால் 45 செ.மீ. ஏற வேண்டும், 1:12 சரிவில், அதாவது ஒரு செ.மீ. உயர 12 செ.மீ. நீளம் என்ற கணக்கில், அதற்கு 5.4 மீட்டர் நீளம், மேலும் கீழும் திரும்பி நிற்க ஒன்றரை மீட்டர் சமதளம் தனி. மொத்தம் எட்டு மீட்டருக்கு மேல், கேட் வரைக்கும் அவ்வளவு இடம் இருக்கிறதா? அதிலும் 1:12 என்பது பல விதிகளில் கடைசி எல்லை, இடம் இருந்தால் 1:20 போடுங்கள், ஏறுகிறவருக்கு மூச்சு வாங்காது. மனையைச் சமப்படுத்தும்போதே பாதையை மெல்ல உயர்த்திக்கொண்டு வந்தால் சாய்தளமே தேவைப்படாமலும் போகலாம். மழைநீர் உள்ளே வருமே என்ற பயம் நியாயம்தான், அதற்கு வாசலுக்கு முன்னால் கம்பி வலை மூடிய வாய்க்கால் போதும்.

குளியலறைக் கதவை உள்பக்கம் திறக்கிற மாதிரி வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளவும் முடியாது. பிடித்து எழுவதற்கான சுவர்க் கைப்பிடி இப்போது வேண்டாம் என்றாலும் அது வரப்போகிற இடத்தில் சுவரைக் கெட்டியாகக் கட்டச் சொல்லுங்கள்; உள்ளே கூடான ஹாலோ பிளாக் கல்லில் திருகு ஆணி ஓர் ஆளின் பாரத்தைத் தாங்காது.

இதெல்லாம் சரியாக வந்த வீட்டிலும் கடைசியில் டைல்ஸ் போடுகிறவர், தண்ணீர் வெளியே வரக்கூடாதென்று குளியலறை வாசலில் ஒரு கிரானைட் பட்டையை ஒட்டிவிட்டுப் போவார். பார்வைக்கு ஒன்றுமில்லை, இரண்டு செ.மீ.தான். நாற்காலியின் முன் சக்கரம் அதில் முட்டி நின்றுவிடும். அன்றைக்கு மட்டுமாவது பக்கத்தில் நில்லுங்கள்.